வெறுப்புக் குற்றம் செய்யும் எல்லோரும் பயங்கரவாதிகளா?

அமெரிக்காவில் வெறுப்புக் குற்றம் (இனம், மதம் போன்றவற்றின் மீதான வெறுப்பால் ஒருவரைத் தாக்குவது) செய்பவர்கள் எல்லோருமே ஒரு கொள்கைக்காகத் திட்டமிட்டுத் தாக்கும் உள்நாட்டுப் பயங்கரவாதிகள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தகவல் அப்படி இல்லை.

ஜாக் மெக்டெவிட், ஜாக் லெவின், சூசன் பென்னட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பாஸ்டன் காவல்துறையின் 169 வழக்குகளை எடுத்து, தாக்கியவர்களின் நோக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் 'த்ரில்'லுக்காக நடந்தவை. பெரும்பாலும் இளவயதுப் பையன்கள் கும்பலாகக் கிளம்பி, வேறு பகுதிக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரை அடிக்கிறார்கள். கூட வந்தவன் முன்னால் கெத்தாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அடிபட்டவருக்கு வலி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. 'நம்ம ஏரியாவுக்குள் வந்துவிட்டார்கள்' என்று தாக்கியவர்கள் சுமார் கால் பங்கு. ஓர் இனத்தையே ஒழிப்பது தன் கடமை என்று கிளம்பிய வழக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. பயங்கரவாதத்தோடு மிக நெருக்கமாக ஒட்டுவது இந்தக் கடைசி வகைதான். ஒரே நகரத்தின் பழைய தரவுதான், சரி. ஆனாலும் 'எல்லோருமே' என்ற சொல் நிற்காது.

சரிபார்க்க: அந்த ஆய்வு 2002-ல் 'ஜர்னல் ஆஃப் சோஷியல் இஷ்யூஸ்' இதழில் வந்தது. ஆசிரியர்கள் பெயரோடு தேடினால் கிடைக்கும். அப்புறம், அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 2331-ஐத் திறந்து 'உள்நாட்டுப் பயங்கரவாதம்' எது என்று சொல்லும் ஐந்தாம் உட்பிரிவைப் படியுங்கள். மக்களை மிரட்டுவது, அரசைப் பணியவைப்பது போன்ற நோக்கம் தெரிய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.