பையன்களைக் கம்பெனிஸ் கார்டனுக்குக் கூட்டிப் போங்கள்

நவம்பர் வந்துவிட்டால் கேப் டவுனில் பையன்கள் ஜூனியர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் முதல் பாதியில் முடிகிறது. ஆண்டிறுதித் தேர்வு, பரிசளிப்பு விழா, அப்பாக்களும் மகன்களும் மோதும் கிரிக்கெட் மேட்ச், கரோல் இரவு, அப்புறம் கிரேடு 7 பையன்களின் முகாம், அவர்களுக்கான பிரிவு உபசாரம் என்று எல்லாம் ஐந்தாறு வாரத்துக்குள் அடைபட்டு வரும். இவற்றுக்கு நடுவில்தான் 11 நவம்பர், 1918-ல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள், போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள்.

இந்த வருடம் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாளைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். "இங்கிலாந்து ராஜாவின் போருக்கு நம் பிள்ளைகள் ஏன் தலைகுனிந்து நிற்க வேண்டும்? தேர்வு நேரத்தில் இதை விட்டுவிடலாமே" என்று சிலர் கேட்டார்கள். இதே பள்ளியில் படித்த அப்பாக்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. காலங்காலமாக நடப்பது, அதில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது எங்கிருந்தோ வந்து இறங்கிய சடங்கு இல்லை. உலகம் முழுக்க இன்று கடைப்பிடிக்கும் அந்த இரண்டு நிமிட மௌனம் பிறந்ததே இந்த ஊரில்தான். 1918-ல் கேப் டவுன் மேயராக இருந்தவர் சர் ஹாரி ஹேண்ட்ஸ். அவர் மகன் ரெஜினால்ட் இங்கே டயோசிசன் கல்லூரி என்ற பள்ளியில் படித்தவர். தென்னாப்பிரிக்காவுக்காக ஒரு டெஸ்ட் மேட்ச் ஆடியவர், ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் இங்கிலாந்து ரக்பி அணியிலும் இடம்பிடித்தவர். 1918 ஏப்ரலில் பிரான்ஸில், விஷவாயுத் தாக்குதலின் விளைவால் இறந்துபோனார். வயது 29. மறு மாதம் 14-ம் தேதி, சிக்னல் ஹில் மேலிருந்து வழக்கமாக வெடிக்கும் நண்பகல் பீரங்கி வெடித்ததும் ஆடர்லி தெருவில் டிராம், வண்டி, நடந்துபோகிறவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஒரு கட்டடத்தின் பால்கனியில் நின்று ஒருவர் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற ராணுவ அஞ்சலி இசையை வாசித்தார். முதல் நாள் மூன்று நிமிடம். அது நீளமாகப் போகிறதென்று இரண்டாகக் குறைத்தார்கள். ஒரு நிமிடம் உயிரோடு திரும்பியவர்களுக்கு நன்றியாக, இன்னொன்று திரும்பாதவர்களுக்காக. அப்புறம் தினமும் நண்பகலில் இது தொடர்ந்தது.

அதைப் பார்த்து மனம் உருகியவர் தென்னாப்பிரிக்க எழுத்தாளரும் அரசியல்வாதியுமான சர் பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக். அவரும் 1917 டிசம்பரில் பிரான்ஸில் மகனைப் பறிகொடுத்தவர். லண்டனுக்கு அவர் எழுதிய யோசனை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வரை போய், 1919 நவம்பர் 11-ம் தேதி முதல் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இது வழக்கமானது. ஆக, மகனை இழந்த இரண்டு அப்பாக்களின் துக்கம்தான் இதன் வேர். இதை ராஜாவின் சடங்கு என்று தள்ளிவிடுகிறவர்கள், எட்டு வயதுப் பையன்களிடம் இந்தக் கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஒரு கிரிக்கெட் வீரர், அவருடைய அப்பா, மதியம் வெடிக்கும் பீரங்கி. இதைவிட எளிதாகப் புரிகிற சரித்திரப் பாடம் வேறு என்ன இருக்கிறது?

சரி, பள்ளியில் அந்த நினைவு நாள் கூட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திய பையன்கள் ஹாலில் வரிசையாக நிற்பார்கள். முன்சுவரில் ஒரு மரப்பலகை, அதில் இந்தப் பள்ளியில் படித்துப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். கிரேடு 7 பையன்கள் ஆளுக்குச் சிலவாக அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். ஒரு வருடம் நானும் பின்வரிசையில் இருந்தேன். வாசித்துக்கொண்டிருந்த பையன் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டான். அடுத்தடுத்து இரண்டு வரியிலும் ஒரே குடும்பப் பெயர், முதலெழுத்துகள் மட்டும் வேறு. தப்பாக மறுபடியும் அதே வரியை வாசிக்கிறோமோ என்று பலகையை நிமிர்ந்து பார்த்தான். ஆசிரியர் மெல்லத் தலையசைத்ததும் இரண்டாவது பெயரை வாசித்தான், ஆனால் குரல் மாறிப்போயிருந்தது. வீரம், தியாகம் என்று அரைமணி நேரம் பேசினாலும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த இரண்டு வரி சொன்னதைச் சொல்ல முடியாது. பெயர் வாசிப்பதை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதோடு கிரேடு 7 பையன்கள் பள்ளியை விட்டுப் போகும் மாதத்தில் இது வருவதும் நல்லதுதான். கடைசி நாளில் மொத்தப் பள்ளியும் இரண்டு பக்கமும் வரிசைகட்டி நின்று கைதட்ட, நடுவில் அவர்கள் நடந்து வெளியே போவார்கள். சட்டை முழுக்க ஸ்கெட்ச் பேனாவில் நண்பர்களின் கையெழுத்து. பலகையில் இருக்கும் பையன்களும் ஒருநாள் இதே வாசல் வழியாகப் போனவர்கள்தான் என்று தெரிந்துகொண்டு அவர்கள் நடக்கட்டும்.

ஆனால் அந்தப் பலகை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. எதையும் மாற்றக் கூடாது என்பவர்களிடம் நான் சண்டைக்கு நிற்பது இந்த இடத்தில்.

நகரத்தின் நடுவில் கம்பெனிஸ் கார்டன் இருக்கிறது, எல்லாரும் அணிலுக்குக் கடலை போடப் போயிருப்பீர்கள். அதில் டெல்வில் வுட் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1916 ஜூலையில், பிரான்ஸில் ஸோம் போரின்போது தென்னாப்பிரிக்கப் படைப்பிரிவு ஒன்று ஒரு சின்னக் காட்டைப் பிடிக்கப் போனது. போனவர்கள் ஏறத்தாழ 3,150 பேர். ஆறு நாள் கழித்து அவர்களை விடுவித்து அணிவகுக்கச் சொன்னபோது நின்றவர்கள் 800 பேர்கூட இல்லை. மற்றவர்கள் இறந்தார்கள், காயம்பட்டார்கள், காணாமல் போனார்கள். காடு மொத்தமும் பொசுங்கியதில் ஒரே ஒரு மரம் தப்பியது. சின்னத்தின் உச்சியில் இரண்டு ஆண்கள் ஒரு குதிரைக்கு மேலாகக் கைகோத்து நிற்பார்கள். ஆங்கிலேய வம்சாவளியும், பெரும்பாலும் டச்சு வழிவந்த ஆஃப்ரிகானர் வம்சாவளியும் ஒன்றுபட்டதற்கு அது அடையாளம். இந்த நாட்டில் பெரும்பான்மையாக இருந்த கறுப்பின மக்களுக்கு அந்தச் சிற்பத்தில் இடமே இல்லை.

அவர்களும் அதே போருக்குத்தான் போனார்கள். கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மூட்டை தூக்க, பாதை போட, துறைமுகத்தில் சரக்கு இறக்கத்தான் கூட்டிப்போனார்கள். 1917 ஜனவரியில் இதே கேப் டவுன் துறைமுகத்திலிருந்து எஸ்.எஸ். மெண்டி என்ற கப்பல் அப்படிப்பட்ட ஆட்களோடு கிளம்பியது. பிப்ரவரி 21 விடியற்காலை, இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே கடும் மூடுபனியில் டாரோ என்ற பெரிய கப்பல் அதன்மேல் மோதியது. தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற டாரோ படகு இறக்கவில்லை. 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினத் தொழிலாளர்கள். டாரோவின் கேப்டனுக்குக் கிடைத்த தண்டனை, உரிமம் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. அந்தத் தொழிலாளர் படையில் இருந்த கறுப்பினத்தவருக்குப் போர்ப் பதக்கம் கொடுக்கவும் அன்றைய தென்னாப்பிரிக்க அரசு மறுத்துவிட்டது.

இதைப் படிக்கும்போது நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும். 1899-ல் பிரிட்டிஷாருக்கும் போயர்கள் என்ற ஆஃப்ரிகானர்களுக்கும் இடையே போயர் போர் வந்தபோது, இந்த நாட்டின் கிழக்கே உள்ள நேட்டாலில் காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். சுமார் 1,100 பேர், அதில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பியான் காப் என்ற குன்றில் நடந்த சண்டையில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் மைல்கணக்கில் சுமந்தவர்கள் அவர்கள். சுமந்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் பழக்கம் அன்றைக்கு யாருக்கும் இல்லை. செத்தவன் பெயரையும் ஊரையும் நடுகல்லில் வெட்டி வைத்த மரபில் வந்த நமக்கு, பெயர் விடுபடுவது எவ்வளவு பெரிய குறை என்று தெரியும்.

அந்தக் குறையை இந்த ஊர் இப்போது கொஞ்சம் சரிசெய்திருக்கிறது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம், இறந்த எல்லாருக்கும் ஒரே மரியாதை தரவில்லை என்று 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 2025 ஜனவரியில் அதே கம்பெனிஸ் கார்டனுக்குள் ஒரு புது நினைவிடம் திறந்தார்கள். முதல் உலகப் போரில் ஆப்பிரிக்க மண்ணில் வேலைசெய்து இறந்து, எங்குமே பெயர் பொறிக்கப்படாமல் போன 1,700-க்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களுக்காக. ஆளுக்கு ஒரு மரத்தூண், ஆப்பிரிக்க இரோக்கோ மரம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் இறந்த தேதியும். தூண்களுக்கு நடுவே நடந்து போகலாம், கை வைத்துத் தடவிப் பார்க்கலாம். நூறு வருடம் கழித்துத்தான் வந்தது, இருந்தாலும் வந்துவிட்டது. நம் பையன்கள் அதைப் பார்க்காமல் ஹைஸ்கூலுக்குப் போனால் அது நம் தவறு.

பள்ளிக்கு நான் எழுதிக் கேட்டிருப்பது சின்ன விஷயம். கூட்டம் அப்படியே நடக்கட்டும், பலகைப் பெயர்களை வாசிக்கட்டும். அதே வாரத்தில் ஒரு காலைப்பொழுது கிரேடு 7 பையன்களைக் கம்பெனிஸ் கார்டனுக்கு அழைத்துப் போங்கள். டெல்வில் வுட் சின்னத்தின் முன் கொஞ்ச நேரம், புதுத் தூண்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம். அங்கே ஒவ்வொரு பையனும் ஒரு தூணின் பெயரை வாசிக்கட்டும். கோசா, ஸூலு, சோத்தோ பெயர்களைச் சரியாக உச்சரிக்க முன்னாலேயே பழகிக்கொண்டு போகட்டும். பலகையில் உள்ள ஆங்கிலப் பெயர்களுக்கு ஒத்திகை பார்க்கிறோம், இதற்கும் பார்க்கலாம். கிளம்பும்போது மணி பன்னிரண்டாக இருந்தால் சிக்னல் ஹில் பீரங்கிச் சத்தமும் காதில் விழும், ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் தவிர எல்லா நாளும் வெடிக்கிறது. தேர்வுக்கு ஒரு காலை குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு: கரோல் ஒத்திகைக்கு எத்தனை காலை போகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எழுப்பப் போகிறேன். கிரேடு 6, 7-ல் பையன் உள்ளவர்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள். பஸ் ஏற்பாடு, கூடப் போகப் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். வேறு பள்ளியில் பிள்ளை படித்தாலும் பரவாயில்லை, இதையே உங்கள் பள்ளியிலும் கேளுங்கள். அனுமதிக் கடிதத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.