ரத்தம் கூடினால் வலிமையா?

"வலியது வாழும்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பரிணாமத்தைப் பேசுகிறவர்கள், அடுத்த மூச்சிலேயே எந்த இனத்தின் மரபணு உயர்ந்தது என்ற விசாரணையில் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் திபெத்தையும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

4000 மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். சமவெளிக்காரர் ஒருவர் அங்கே சில வாரங்கள் தங்கினால், சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறும். உடம்பு சமாளித்துக்கொண்டது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அளவுக்கு மீறிக் கெட்டிப்பட்ட ரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயம் திணற வேண்டியிருக்கும். அங்கேயே காலமெல்லாம் வாழ்பவர்களில் சிலருக்குத் தலைவலி, மூச்சுத்திணறல், உதடு நீலம் பாரித்தல் என்று அது நோயாகவே முற்றிவிடுகிறது. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோன்ஹே 1925இல் விவரித்த மலைநோய் இதுதான்.

மானுடவியலாளர் சிந்தியா பீல் குழுவினர் சுமார் 4000 மீட்டர் உயரத்தில் வாழும் ஆண்களை ஒப்பிட்டபோது, ஆண்டிஸில் வாழும் பொலிவியாவின் ஐமாரா மக்களிடம் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சராசரி 19.2 கிராமாகவும், திபெத்தியரிடம் 15.6 கிராமாகவும் இருந்தது. திபெத்தியரின் அளவு சமவெளி ஆணின் அளவுதான். ரத்தத்தைப் பெருக்கிக்கொள்ளாமல் இருப்பதே அவர்களுக்கு வாய்த்த அனுகூலம். இதில் பெரும்பங்கு வகிப்பது இபிஏஎஸ்1 என்னும் மரபணு. அதன் ஒரு வடிவம் திபெத்தியரிடம் 87 சதவீதமும் ஹான் சீனர்களிடம் 9 சதவீதமும் இருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. சமவெளியில் அதைப் பரவச் செய்ய எந்த நெருக்கடியும் இல்லை. இந்த வடிவம் டெனிசோவா என்னும் பண்டைய மனித இனத்தாருடன் ஏற்பட்ட கலப்பால் வந்தது என்பது 2014இல் தெரியவந்தது. அழிந்துபோன அந்த மக்களை "வலியது" என்பதா "மெலியது" என்பதா என்று எனக்குப் புரியவில்லை.

மலை என்றதும் நாம் ஷெர்பாக்களின் தெம்பைத்தான் வியக்கிறோம். ஆனால் இயற்கைத் தேர்வு கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் பிரசவத்திலும் குழந்தை பிழைப்பதிலும்தான். உயரத்தில் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதும், கருவுற்ற பெண்களுக்கு ரத்த அழுத்தம் எகிறுவதும் சமவெளியை விட அதிகம். ஆண்டிஸின் உயரத்தில் 1545இல் உருவான பொட்டோசி வெள்ளிச் சுரங்க நகரில் ஸ்பானியத் தம்பதியரின் குழந்தைகள் பிழைப்பதே அரிதாக இருந்தது என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் ஆண்டிஸ் பெண்களுக்கோ, கர்ப்ப காலத்தில் கருப்பைக்குப் பாயும் ரத்தம் பிற்காலத்தில் குடியேறிய ஐரோப்பிய வழிப் பெண்களுக்குப் பாய்வதை விட அதிகம். அவர்களுடைய குழந்தைகளும் அதே உயரத்தில் கூடுதல் எடையோடு பிறக்கின்றன. ஆகவே 19.2 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஆண்டிஸ் மக்களைத் திபெத்தியருக்குக் கீழே வைப்பதும் தவறு. கையில் இருந்த மரபணு வேறுபாடுகளைக் கொண்டு அவர்களுடைய உடல் அதே நெருக்கடிக்கு வேறொரு இடத்தில் வழி கண்டிருக்கிறது.