குறைகார்பன் போக்குவரத்தில் பிஎச்டி: முதலில் "எதோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள்

போக்குவரத்து, காலநிலைக் கொள்கை என்று முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர்களின் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை ஒரு வண்டியில்தான் தொடங்குகின்றன. மின்சாரப் பேருந்து, ஹைட்ரஜன் லாரி, வாடகை ஸ்கூட்டர். ஆர்வம் நல்லதுதான், ஆனால் வண்டி ஆய்வுக் கேள்வி ஆகிவிடாது. "மின்சாரப் பேருந்து கார்பனைக் குறைக்குமா?" என்று எழுதினால் உடனே எழ வேண்டிய கேள்வி: எதோடு ஒப்பிட்டு? அதே தடத்தில் ஓடும் டீசல் பேருந்தோடா, அந்தப் பயணிகள் வேறு வழியில் போயிருக்கக்கூடிய பயணத்தோடா, அந்தப் பேருந்தே இல்லாத நிலையோடா? மூன்றுக்கும் மூன்று விடைகள். இதை முதல் ஆண்டிலேயே தீர்த்துக்கொள்ளாத ஆய்வு கடைசி ஆண்டில் தரைதட்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் துறைக்கு ஆட்கள் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீட்டின்படி 2019-ல் உலகப் போக்குவரத்து நேரடியாக வெளியிட்ட பசுங்குடில் வாயு 8.7 கிகாடன் (ஒரு கிகாடன் என்பது 100 கோடி டன்). 1990-ல் அது 5 கிகாடனாக இருந்தது. ஆற்றல் சார்ந்த கரியமில வாயுவில் 23 சதவீதம் இங்கிருந்து வருகிறது. போக்குவரத்தின் நேரடி உமிழ்வில் 70 சதவீதம் சாலை வண்டிகளுடையது. வண்டிகளின் திறன் கூடியும் மொத்தம் ஏறிக்கொண்டே போனது ஏன் என்பதற்கு போக்குவரத்து-ஆற்றல் ஆய்வாளர் லீ ஷிப்பர் வகுத்த நான்கு காரணிகள் இன்றும் நல்ல தொடக்கம்: மொத்தப் பயணம் எவ்வளவு, அது எந்தெந்த வண்டிகளில் பிரிகிறது, கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல், அந்த ஆற்றலில் எவ்வளவு கார்பன். நான்கும் ஒன்றோடொன்று பெருக்கப்படுபவை. நீங்கள் எடுத்துக்கொண்ட கொள்கை இதில் எதைத் தொடுகிறது, தொட்டதும் மற்ற மூன்றும் எப்படி நகரும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எரிபொருள் சிக்கனம் கூடினால் கிலோமீட்டருக்கான செலவு குறையும், பயணம் கூடும். இதைக் கணக்கில் எடுக்காத சேமிப்பு எண் தாளில் மட்டும்தான் இருக்கும்.

ஒப்பீடு எப்படி முடிவைப் புரட்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு, பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ. 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிக்கும் பேருந்து என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம். 40 பேர் இருந்தால் ஆளுக்கு 20 கிராம், 8 பேர் மட்டும் இருந்தால் 100. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பிடிக்கும் கார் கிலோமீட்டருக்கு 161 கிராம். இருவர் போனால் ஆளுக்கு 80. அப்படியானால் காலிப் பேருந்தைவிட கார் மேலா? சராசரியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பேருந்து அட்டவணைப்படி எப்படியும் ஓடப்போகிறது. ஒன்பதாவது ஆள் ஏறினால் கூடும் உமிழ்வு ஏறத்தாழ பூஜ்யம், அவர் காரை எடுத்தால் முழு 161. ஒருவரின் தேர்வை ஆராய்பவர் இந்தக் கூடுதல் கணக்கைப் போட வேண்டும். தடத்தை வைத்திருக்கலாமா நிறுத்தலாமா என்று ஆராய்பவர் மொத்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரே ஆய்வேட்டில் இரண்டும் குழம்பிக் கிடப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மின்வண்டியிலும் இதே சிக்கல்தான். 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் என்றால், யூனிட்டுக்கு 700 கிராம் வெளியிடும் மின்கட்டமைப்பில் கிலோமீட்டருக்கு 126 கிராம், 100 கிராம் வெளியிடும் கட்டமைப்பில் 18 கிராம். இத்தோடு பேட்டரி தயாரிப்பு. ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 80 கிலோ என்று எடுத்தால் 60 யூனிட் பேட்டரிக்கு 4,800 கிலோ. 2 லட்சம் கிலோமீட்டரில் பரப்பினால் கிலோமீட்டருக்கு 24 கிராம், 1 லட்சத்தில் பரப்பினால் 48. வண்டியின் ஆயுள் என்ற ஒரே அனுமானம் விடையை இவ்வளவு நகர்த்துகிறது. ஆண்டுச் சராசரி மின்சாரத்தை எடுப்பதா, சார்ஜ் ஏற்றும் நேரத்தில் கூடுதலாக எந்த மின்நிலையம் இயங்குகிறது என்று பார்ப்பதா என்பது அடுத்த கேள்வி. முடிவு அட்டவணைக்குக் கீழே அடிக்குறிப்பாக ஒதுக்காமல், இந்த அனுமானங்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிவு எங்கே தலைகீழாகிறது என்று காட்டும் அத்தியாயம் கட்டாயம் வேண்டும்.

ஆய்வக எண்களை அப்படியே நம்பவும் கூடாது. வண்டிகளிலிருந்தே எடுத்த எரிபொருள் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைபிரிட் கார்களின் (சார்ஜ் ஏற்றும் பேட்டரி, எரிபொருள் இரண்டிலும் ஓடுபவை) உண்மையான உமிழ்வு ஆய்வகச் சோதனை காட்டியதைவிடச் சராசரியாக 3.5 மடங்கு. காரணம் எளிது: சோதனை முறை எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடவில்லை. தொழில்நுட்பத்தோடு பழக்கத்தையும் அளந்தால்தான் மானியக் கொள்கை பற்றி எதையாவது சொல்ல முடியும்.

கொள்கையின் விளைவை அளப்பதுதான் இந்தத் துறையின் கடினமான பகுதி, எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுவே. ஸ்டாக்ஹோமில் நகர மையத்துக்குள் போய்வரும் வண்டிகளுக்கான நெரிசல் கட்டணம் 2006 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கி ஜூலை முடிவில் நிறுத்தப்பட்டது. கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது; நிறுத்தியதும் பெருமளவு திரும்பியது; 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக வந்ததும் மறுபடி குறைந்தது. போட்டு, எடுத்து, மறுபடி போட்டதால் கட்டணத்தின் பங்கைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. பெரும்பாலான நகரங்களில் அப்படி வாய்க்காது. ஒரு மெட்ரோ தடம் திறக்கும் ஆண்டிலேயே எரிபொருள் விலை ஏறும், நிறுத்தக் கட்டணம் மாறும். முன்-பின் ஒப்பீடு மட்டும் போட்டு "மெட்ரோவால் 12 சதவீதம் குறைந்தது" என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். பல நகரங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் ஒரு கொள்கைக்குள் வந்தால் வழக்கமான நிலைவிளைவு (fixed effects) ரிக்ரஷனும், அதாவது நகரங்களுக்கும் ஆண்டுகளுக்கும் உரிய நிலையான வேறுபாடுகளைக் கழித்துப் பார்க்கும் புள்ளியியல் முறையும், ஆபத்து: முன்பே சேர்ந்த நகரங்கள் பின்னால் சேர்ந்தவற்றுக்கு ஒப்பீடாக மாறி, விளைவு காலப்போக்கில் வளரும்போது மதிப்பீட்டைக் கெடுக்கும். 2021 முதல் வந்த புதிய மதிப்பீட்டு முறைகளைப் படிக்காமல் இந்த வகை ஆய்வில் இறங்காதீர்கள். மெட்ரோ அருகே குடியிருப்பவர்கள் குறைவாகக் கார் ஓட்டுவதற்கு மெட்ரோ காரணமா, கார் பிடிக்காதவர்கள் அங்கே குடிபோனார்களா என்பதும் இதே குடும்பத்துச் சிக்கல்தான்.

கேள்வித்தாள் ஆய்வு செய்பவர்களுக்குச் சுருக்கமாக: சில தெரிவுகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தெரிவுச் சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்க எளிய சூத்திரம் உண்டு. 500-ஐ ஒரு பண்புக்குரிய (கட்டணம், பயண நேரம் போன்றவை) அதிகபட்ச நிலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒருவர் விடையளிக்கும் கேள்விகள், ஒவ்வொன்றிலும் உள்ள தெரிவுகள் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்கவும். 4 நிலை, 8 கேள்வி, 3 தெரிவு என்றால் 84 பேர். இது அடிமட்டம். வருமானப் பிரிவுகளாக உடைத்துப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவுக்கும் அவ்வளவு பேர் வேண்டும். பயண நாட்குறிப்பில் குறுகிய நடைப்பயணங்கள் விடுபடும், வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொன்னால் மற்றவர்களின் பயணங்கள் இன்னும் குறையும். கைபேசி இடத்தரவு இதைச் சரிசெய்யும், ஆனால் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது: 15 லட்சம் பேரின் தரவை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, நான்கு இட-நேரப் புள்ளிகளே 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணப் போதும் என்று காட்டியது. அறநெறிக் குழு இதைக் கேட்கும். அனுமதிக்கு மாதங்கள் ஆகலாம்.

யார் சுமக்கிறார்கள் என்ற அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். பிரான்ஸ் 2018-ல் டன்னுக்கு 44.6 யூரோவாக இருந்த கார்பன் வரியை அடுத்த ஆண்டு 55 ஆக்கத் திட்டமிட்டது. மஞ்சள் சட்டைப் போராட்டத்துக்குப் பின் உயர்வு கைவிடப்பட்டது. மாற்றுப் பேருந்து இல்லாத இடத்தில் காரையே நம்பி வாழ்பவருக்கு அந்த வரி தப்பிக்க வழியில்லாத செலவு. உமிழ்வைக் குறைக்கும் என்று கணக்கீட்டு மாதிரி காட்டும் கொள்கை அரசியலில் நிற்காவிட்டால் குறைவது ஒன்றுமில்லை. வரியில் வந்த பணம் எங்கே திரும்புகிறது என்பதையும் மாதிரிக்குள் வையுங்கள்.

நெறியாளரைத் தேடும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையைவிட, அவரிடம் முடித்த கடைசி மூன்று நான்கு ஆய்வேடுகளை எடுத்துப் படிப்பது பயன் தரும்: எந்தத் தரவு, எத்தனை ஆண்டு, இப்போது எங்கே இருக்கிறார்கள். சிவில் பொறியியல், பொருளியல், பொதுக்கொள்கை ஆகிய மூன்று துறைகளுக்கு இடையே விழும் தலைப்பு இது. இணை நெறியாளர் வேறு துறையில் இருப்பதை முதல் ஆண்டிலேயே எழுத்தில் உறுதிசெய்யுங்கள். தரவு "கிடைத்துவிடும்" என்று யாராவது சொன்னால், ஒப்பந்தம் கையெழுத்தானதா, வெளியிட அனுமதி உண்டா என்று கேளுங்கள். கையெழுத்தாகவில்லை என்றால் திறந்த தரவிலேயே செய்து முடிக்கக்கூடிய இரண்டாவது வடிவத்தைத் தயாராக வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், பணி தரும் நிறுவனம் உள்ள நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருந்தால் தகுதி கிடையாது. முன்மொழிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த விதி தளராது.