அவசரப்பட்டவர் யார்?

சனிக்கிழமை நாடக விழாவில் மாணவர்கள் நடித்த ‘ரோமியோ ஜூலியட்’ முடிந்து திரை விழுந்த கையோடு சிறப்பு விருந்தினர் பேசியதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று காலைக்குள் அந்தக் காணொளியை ஏழு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள், அதில் மூவர் கைதட்டும் பொம்மையையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். "பெற்றோர் சொல் கேளாமல் அவசரப்பட்டால் இதுதான் கதி என்று ஷேக்ஸ்பியர் அன்றே எச்சரித்திருக்கிறார்" என்றார் அவர். அரங்கம் கைதட்டியது. ஜூலியட்டாக நடித்த மாணவி ஒப்பனைகூடக் கலைக்காமல் மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். மரியாதைக்காக அவளும் தட்டினாள். எனக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

அவர் சொன்ன எச்சரிக்கையை எழுதிய ஒருவர் இருக்கத்தான் செய்கிறார், அவர் பெயர் ஆர்தர் புரூக். 1562இல் இதே கதையை நெடுங்கவிதையாக வெளியிட்ட அவர், பெற்றோரின் அறிவுரையை மதிக்காமல் ஆசைக்கு அடிமையானவர்கள் என்று முன்னுரையிலேயே காதலர்களின் தலையில் குட்டிவிட்டுத்தான் கதைக்குள் போனார். அந்தக் கவிதையை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நாடகம் எழுதிய ஷேக்ஸ்பியர் அந்தக் குட்டை எடுத்துவிட்டார். பிள்ளைகளின் சாவைத் தவிர வேறெதனாலும் பெற்றோரின் சினத்தைத் தணிக்க முடியவில்லை என்று தொடக்கத்தில் வரும் பதினான்கு வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். பதினான்கே வரிகள், விருந்தினருக்கு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை போலும்.

சரி, அவசரம் என்றாரே, அதை நாள் கணக்கோடு பார்ப்போம். ஞாயிறு இரவு விருந்தில் இருவரும் சந்திக்கிறார்கள், திங்களன்று இரகசியமாகத் திருமணம் செய்துகொள்கிறார்கள். அவசரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று பிற்பகல் ஜூலியட்டின் மாமன் மகன் டைபால்ட்டைக் கொன்றதற்காக ரோமியோ நாடு கடத்தப்பட்டு, வீடே இழவு வீடாகக் கிடக்கும்போது, அன்று இரவே, பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைப் பாரிஸ் என்ற பிரபுவுக்குக் கொடுப்பதாக வாக்களிப்பவர் யார்? தந்தை காப்புலெட். புதன்கிழமை வைத்தால் சீக்கிரமாகிவிடும் என்று வியாழன் குறிக்கிறார்; மறுநாள் மகள் மன்னிப்புக் கேட்டதும் மகிழ்ச்சி தாங்காமல் அதையும் புதனுக்கே இழுத்துவிடுகிறார். அந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப, செத்ததுபோல் கிடக்கவைக்கும் மருந்தை ஜூலியட் குடிப்பாள், வந்து அழைத்துப் போ என்று மாண்டுவா நகரில் இருந்த ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் அப்படிப் பறிபோனது. கடிதம் கொண்டுபோன துறவி கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டது விதி என்றே இருக்கட்டும், அந்த ஒரு நாளைத் தின்றது விதியில்லை, அப்பா.

இதே அப்பாதான் முதல் அங்கத்தில், இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதம்தான் பெரிது, என் விருப்பம் அதில் ஒரு பகுதி மட்டுமே என்று பாரிஸிடம் பெருந்தன்மையாகப் பேசியவர். ரோமியோ ஒழுக்கமான பையன் என்று வெரோனா ஊரே பெருமையாகப் பேசுகிறது என்று தன் வீட்டு விருந்தில் தன் வாயாலேயே சொன்னவரும் இவர்தான். பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவன் மாண்டேகு வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். இரு வீட்டுக்கும் என்ன பகை என்று நாடகம் முழுக்கத் தேடினாலும் "பழைய பகை" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது. மகள் மாட்டேன் என்றதும் அந்தப் பெருந்தன்மையெல்லாம் எங்கே போயிற்று? தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் செத்துப் போ என்கிறார். இதைக் கேட்டுவிட்டும் "பெற்றோர் சொல் கேளாமல்" என்று ஒருவரால் மேடையில் நின்று பேச முடிகிறது.

பதினான்கு வயதுகூட நிரம்பாத சிறுமியின் காதலை ஆதரிக்கிறீர்களா என்று கேட்கப் போகிறீர்கள், தெரியும். வயதைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. புரூக்கின் கவிதையில் பதினாறை ஒட்டி இருந்தவளை ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார். ஜூலை 31 இரவில்தான் அவளுக்குப் பதினான்கு பிறக்கும். ஆனால் அந்த வயதில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது யார், உன் வயதில் நான் உன்னைப் பெற்றுவிட்டேன் என்று பெருமையடித்த தாய் யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முந்தின நாள்வரை ரோமியோ வேறொருத்திக்காக அழுதவன்தானே என்பீர்கள். ஆமாம், அழுதான். தற்கொலையைப் புனிதமாக்குகிறேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இருபத்திரண்டு ஆண்டு வகுப்பில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, என்னிடம் படித்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோழி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள். என் சித்தி விரும்பியவரின் குடும்பத்துக்கும் தாத்தாவுக்கும் வரப்புத் தகராறு. அது எந்த வருடம் தொடங்கியது என்று தாத்தாவுக்கே நினைவில்லை. விஷயம் தெரிந்த வாரமே வேறு இடத்தில் நிச்சயம் செய்யப் பார்த்தார். சித்தி கிளம்பிப் போய்விட்டாள். என் பிணத்தைப் பார்க்கக்கூட வாசற்படி மிதிக்காதே என்று அவர் சொன்னபோது நான் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பிணமானவள் சித்திதான். முப்பத்து நான்கு வயதில், மஞ்சள் காமாலையில். அதன் பிறகு அவள் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, சாகும்வரை தினமும் முல்லைச் சரம் வாங்கி வரச் சொன்னார் தாத்தா. வாங்கி வந்தவள் நான். அவளும் அவசரப்பட்டவள் என்றுதான் ஊரில் இன்றைக்கும் பேச்சு.

கடைசிக் காட்சியில் ஜூலியட்டுக்குப் பசும்பொன்னில் சிலை வைக்கிறேன் என்று ரோமியோவின் அப்பா மாண்டேகு சொல்லும் இடம் வரும்போது பையன்கள் சிரிப்பார்கள், நான் விட்டுவிடுவேன். ஆனால் அடுத்தபடியாகக் காப்புலெட் சொல்வது என்ன தெரியுமா? அவளுக்கு நிகரான சிறப்போடு ரோமியோவும் அவள் பக்கத்திலேயே இருப்பான் என்கிறார். சித்திக்கு இருந்தது ஒரே ஒரு நல்ல படம், கல்யாணத்தன்று எடுத்தது. தாத்தா அதைப் பாதியாக வெட்டித்தான் பெரிதாக்கக் கொடுத்திருந்தார். சட்டத்தின் இடது ஓரத்தில், மாலைக்குப் பின்னால், ஒரு வெள்ளைச் சட்டைக் கையின் விளிம்பு இன்னும் தெரிகிறது.