பாஞ்சோ இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்

இசை விமர்சனம் எழுதுகிறவர்களுக்குக் காது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? மம்ஃபர்ட் அண்ட் சன்ஸ் என்ற இசைக்குழுவின் 'ரஷ்மியர்' 2025 மார்ச் கடைசியில் வந்தது. ஆறு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு வந்த ஆல்பம். கேட்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் விமர்சனங்களைப் புரட்டினேன். பேண்டின் வரலாறு இருக்கிறது, பழைய சட்டை துணிமணி பற்றிய கிண்டல் இருக்கிறது, பத்துக்கு எத்தனை என்ற மார்க் இருக்கிறது. பாட்டு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் காணோம்!

இவர்கள் விஷயத்தில் இது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. லண்டன் பையன்கள். முதல் ஆல்பம் 'சை நோ மோர்' 2009-ல். அப்போது தனியாக டிரம்மர்கூடக் கிடையாது. மார்கஸ் மம்ஃபர்ட் கிடாரை வாசித்துப் பாடிக்கொண்டே காலால் பெரிய டிரம்மை மிதிப்பார். பக்கத்தில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், டபுள் பேஸ், கீபோர்டு. ஜனங்களுக்குப் பிடித்தது. விமர்சகர்கள் என்ன பார்த்தார்கள்? அவர்கள் போட்டிருந்த கையில்லாத வெய்ஸ்ட்கோட்டைப் பார்த்தார்கள். நகரத்துப் பையன்கள் பட்டிக்காட்டு வேஷம் போடுகிறார்கள் என்றார்கள். அமெரிக்காவில் பேர்பெற்ற ஒரு விமர்சனத் தளம் பத்துக்கு 2.1 கொடுத்தது. அந்தப் புள்ளி ஒன்று எதற்கு, கையெழுத்து அழகாக இருந்ததற்கா?

அடுத்து 2012-ல் 'பேபல்'. அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் 6 லட்சம் பிரதிகள், 2013-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. அதற்கு என்ன புகார்? முதல் ஆல்பம் மாதிரியே இருக்கிறதாம். சரி என்று 2015-ல் 'வைல்டர் மைண்ட்' போட்டபோது பாஞ்சோவை ஓரமாக வைத்துவிட்டு எலக்ட்ரிக் கிடாரும் முழு டிரம் செட்டுமாக வந்தார்கள். உடனே, ஐயோ, பாஞ்சோ எங்கே, இருந்த ஒரே அடையாளமும் போச்சே, மற்ற ராக் பேண்டு மாதிரி ஆகிவிட்டார்களே என்று ஒப்பாரி. ஆறு வருடம் அந்த வாத்தியத்தைக் கேலி செய்த கூட்டம் இது! இப்போது 'ரஷ்மியரில்' பாஞ்சோ திரும்பி வந்ததும், பழைய குருடி கதவைத் திறடி என்று சலித்துக்கொள்கிறார்கள். கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். இவர்கள் என்னதான் வாசிக்க வேண்டும், நாதஸ்வரமா?

அந்த 'வேஷம்' வாதத்தைக் கொஞ்சம் கிளறினாலே உதிர்ந்துவிடும். இங்கிலீஷ்காரனுக்குப் பாஞ்சோ எதற்கு என்கிறார்கள். அந்த வாத்தியத்தின் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட கறுப்பின மக்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டிச் செய்தது அது. அமெரிக்க மலைநாட்டு வெள்ளைக்காரர் கைக்கு வந்ததும் பின்னால்தான். யார் வாசித்தால் அசல், யார் வாசித்தால் போலி என்று பேச ஆரம்பித்தால் கதை அங்கிருந்து தொடங்க வேண்டும். எங்கே, வெய்ஸ்ட்கோட்டைத் தாண்டினால்தானே!

கேட்க வேண்டிய கேள்விகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பாஞ்சோ வாசித்த வின்ஸ்டன் மார்ஷல் 2021-ல் பேண்டை விட்டுப் போனார். இப்போது இருப்பது மூன்று பேர். பாஞ்சோ திரும்பியது, பாஞ்சோக்காரர் திரும்பவில்லை. அப்படியானால் இதில் வாசிப்பது யார்? விரல் நடை மாறியிருக்கிறதா? முன்னால் துருத்திக்கொண்டு நின்ற சத்தம் பின்னால் போயிருக்கிறதா? தயாரித்தவர் டேவ் காப். எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒன்றாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வதில் பேர் எடுத்தவர். இந்த ஆல்பத்தில் அது காதில் விழுகிறதா? காசு கொடுத்துக் கேட்கிறவனுக்கு இதுதானே வேண்டும். நான் படித்தவற்றில், 'வேர்களுக்குத் திரும்பினார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ரஷ்மியர் என்பது லண்டனில் விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் உள்ள ஒரு குளத்தின் பெயர் என்பதுமட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது. பேண்டுக்காரர்கள் கொடுத்த செய்திக்குறிப்பில் இருந்திருக்கும், வேறென்ன.

'போன் ஈவேர்' என்ற அமெரிக்க பேண்டுக்கும் இதே கதிதான். அதை நடத்தும் ஜஸ்டின் வெர்னன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் உட்கார்ந்து முதல் ஆல்பத்தைச் செய்தார். சரி, நல்ல கதை, 2008-ல் எழுதினீர்கள். 2016-ல் '22, ஏ மில்லியன்' வந்தது. குரலைத் துண்டு துண்டாக நறுக்கி எலக்ட்ரானிக் சத்தத்தில் புரட்டிய ஆல்பம். அதற்கும் முதல் பத்தியில் அந்தக் குடில்! மனிதர் எத்தனை ஊர் மாறினாலும் அந்தக் குடிலுக்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல.

ஆல்பம் வெளியாகும் வெள்ளிக்கிழமை காலையிலேயே தீர்ப்பும் தயாராக இருக்கிறது. முன்கூட்டியே கேட்கக் கொடுக்கிறார்கள், தெரியும். கேட்டதற்கான அடையாளம் எழுத்தில் இருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் நான் இவர்களுடைய பக்தன் இல்லை. 'ரஷ்மியர்' சுமாரான ஆல்பம்தான். பத்துப் பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் பாட்டு மெதுவாகத் தொடங்கி ஏறுகிறது. எந்த இடத்தில் ஏறும் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. இரைச்சல் போடும் பாட்டுகளைவிட அடக்கி வாசித்தவை தேவலை, முக்கியமாகப் பாடகி மேடிசன் கன்னிங்ஹாம் சேர்ந்து பாடியிருக்கும் பாட்டு. வரிகளில் பெரிய பெரிய வார்த்தைகள் வழக்கம்போல, ஆள் யார் ஊர் எது என்பது கிடையாது. இதை எழுத எனக்கு அவர்களுடைய அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.