ஓடையில் எத்தனை இனம் என்பதல்ல, எது போயிற்று என்பதே கேள்வி

காட்டை வெட்டி விவசாயம் வந்த பிறகும் ஓடையில் உயிரினங்கள் குறையவில்லை என்று கணக்குக் காட்டும் அறிக்கைகளை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கு பொய்யில்லை. கணக்கெடுக்க ஓடையில் பிடிக்கும் வலையில் விழும் நீர்ப்பூச்சிகள் சில ஓடைகளில் அதிகரிக்கத்தான் செய்கின்றன. மரம் போனதும் வெயில் விழுகிறது, கல்லில் பாசி பிடிக்கிறது, வயலிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பரஸும் அதை வளர்க்கின்றன. பாசி தின்னும் சில மேஃப்ளை இளம்பூச்சிகளும் (இறக்கை முளைக்கும்வரை நீரில் வாழும் பூச்சிகள்), எதையும் தாங்கும் கைரோனோமிட் என்ற சிறு ஈயினத்தின் புழுக்களும் பெருகுகின்றன. எந்த நாட்டு வயலோரம் போனாலும் இதே கூட்டம்தான். ஒவ்வொரு ஓடைக்கும் தனியாக இருந்தவைதான் காணாமல் போகின்றன.

வெப்பமண்டலக் காட்டில் இரண்டு மூன்று மீட்டர் அகலமுள்ள சிற்றோடை நிழலிலேயே ஓடும். அதன் உணவில் பெரும்பங்கு கரை மரங்கள் உதிர்க்கும் சருகு. பூஞ்சை படிந்து சருகு மெத்தென்று ஆன பிறகு கேடிஸ்ஃப்ளை என்ற இன்னொரு நீர்ப்பூச்சியின் இளம்பருவம், இறால், நண்டு எல்லாம் அதைக் கடித்துத் துண்டாக்கும். கரையில் புல்லோ ஒற்றைப் பயிரோ வந்துவிட்டால் முதலில் அடிபடுவது இவைதான்.

அடுத்தது வயலிலிருந்து அடித்து வரும் வண்டல். ஓடைக்குள் ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள். சட்டென்று கையோடு வந்தால் நல்லது. பாதி புதைந்து, பிடுங்க வேண்டியிருந்தால் கற்களின் இடுக்கு அடைந்துவிட்டது என்று பொருள். ஸ்டோன்ஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளம்பருவம் வாழ்வது அந்த இடுக்கில்தான். பல மீன்களின் முட்டைக்கும் அதுதான் இடம்.

வெப்பத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தென்கிழக்கு அமேசானில் அளந்தபோது, காட்டு ஓடைகளைவிட சோயா வயல் ஓடைகளின் அன்றாட உச்ச வெப்பநிலை சராசரியாக 3 டிகிரியும், மேய்ச்சல் நில ஓடைகளில் 4 டிகிரிக்கு மேலும் கூடியிருந்தது. 25 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.6தான். அதே நேரத்தில் பூச்சியின் மூச்சுத் தேவை ஏறுகிறது.

இங்கே ஒரு பெரிய பிழை நடக்கிறது. பாசி நிறைந்த ஓடையில் நண்பகலில் அளந்தால் ஆக்சிஜன் அபாரமாகக் காட்டும், பாசி அப்போது அதை உற்பத்தி செய்துகொண்டிருக்கும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கிறது. விடியலுக்கு முன் அளக்காத எந்த அளவையும் நம்பாதீர்கள். பூச்சிக்கொல்லியும் அப்படித்தான்: தெளித்த பிறகு வரும் முதல் பெருமழையில் வந்து போய்விடும், மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தால் பெரும்பாலும் சிக்காது.

பூச்சி எண்ணுவதோடு சருகுப் பையும் வையுங்கள். கரையில் இயல்பாக வளரும் ஒரு மர இலையை உலர்த்தி, 5 கிராம் வீதம் 10 மில்லிமீட்டர் கண் வலைப்பையிலும், விலங்குகள் பெரும்பாலும் நுழைய முடியாத அரை மில்லிமீட்டர் கண் பையிலும் போட்டு ஓடைக்குள் கட்டுங்கள். சில வாரம் கழித்துக் கழுவி, உலர்த்தி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய விலங்குகள் தின்ற பங்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் நுண்ணுயிர்களே வேகமாக மக்கச் செய்யும். அதனால் பையை அதிக நாள் விட்டால் இரண்டிலும் இலை நரம்புதான் மிஞ்சும், ஒன்றும் தெரியாது.

ஓடைக் கரையில் நீளமாக விட்டுவைக்கும் மரங்களின் வரிசையைப் பட்டை என்கிறேன், அதைப் பற்றி: பிரேசிலின் 2012 வனச்சட்டம் 10 மீட்டர் வரை அகலமுள்ள ஆறுகளுக்கு இருபுறமும் 30 மீட்டர் அகலப் பட்டையைக் கேட்கிறது. ஆனால் 2008க்கு முன்பே அழிக்கப்பட்ட இடங்களில் மிகச் சிறிய பண்ணைகள் 5 மீட்டரை மீட்டாலே போதும். 5 மீட்டர் ஓரளவு நிழல் தரும். சரிவில் இறங்கும் மண்ணை நிறுத்தப் போதாது என்பது என் உறுதியான கருத்து. பட்டை இடையில் அறுபடாமல் இருப்பதும் அகலத்துக்கு இணையாக முக்கியம், ஏனென்றால் இறக்கை முளைத்த பூச்சிகளில் பல நிழலை ஒட்டித்தான் ஓடை நெடுக மேலும் கீழும் பறக்கின்றன.

அகலமான பட்டை இருந்தும் ஓடை கலங்கினால் வயல் வடிகாலைப் பாருங்கள். பட்டையைக் கிழித்துக்கொண்டு நேராக ஓடையில் விழுகிறதென்றால் அந்த மரங்கள் எதையும் வடிகட்டவில்லை. வடிகாலைப் பட்டைக்கு முன்பே முடித்து, தண்ணீரைச் சருகின் மேல் பரவவிடுங்கள். ஓடைக்குள் விழுந்து கிடக்கும் மரத்தைச் சுத்தம் என்ற பெயரில் இழுத்துப் போடாதீர்கள், சருகு அதில்தான் தங்குகிறது.