வேனில் வரும் அந்நியர்தான் கடத்தல்காரரா?

"மனிதக் கடத்தல் என்றால் அந்நியர்கள் வேனில் வந்து பிள்ளைகளைத் தூக்கிச் செல்வது, திருச்சபைகள் பெற்றோரை எச்சரித்தால் போதும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தூக்கிச் செல்வதும் நடக்கிறது. ஆனால் பல வேளைகளில் வீடு தேடி வருபவர் உறவினர், அயலார், தெரிந்த தரகர். கையில் முன்பணம், வாயில் வேலை வாக்குறுதி. "அவர்களே சம்மதித்துத்தானே போனார்கள்?" என்ற கேள்வியும் எடுபடாது. மனிதக் கடத்தலுக்கு எதிராக 2000இல் ஐ.நா. ஏற்ற பன்னாட்டு ஒப்பந்தமான பலெர்மோ நெறிமுறையின்படி, மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் செல்லாது. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் மிரட்டலையோ ஏமாற்றையோ காட்டவே தேவையில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில், 2021இல் சுமார் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். அத்தனை பேரையும் எந்த வேனில் ஏற்றுவது?

வேதாகமத்தை மேற்கோள் காட்டும் அந்தச் செய்தி, நெகேமியா 5ஆம் அதிகாரத்தை மட்டும் தொடவில்லை. அங்கே பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தை அடகு வைத்தவர்கள், வரி கட்டக் கடன் வாங்கியவர்கள், கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாக விட்டுக்கொடுக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் சொந்தச் சகோதரர்கள்! யூதேயாவின் ஆளுநரான நெகேமியா பெற்றோரைக் கடிந்துகொள்ளவில்லை. பிரபுக்களைச் சபை கூட்டிக் கேள்வி கேட்டு, நிலத்தையும் வட்டியையும் திருப்பித் தரச் செய்தார்.

எச்சரிக்கையோடு நிற்காத திருச்சபைப் பணி இன்றும் உண்டு. 2009இல் உருவான தலித்தா கும் என்ற கத்தோலிக்கத் துறவியரின் வலையமைப்பு, தடுப்புப் பணியோடு, மீண்டு வந்தவர்களின் மறுவாழ்வுக்கும் உழைக்கிறது.